தாய்வழி நோய்

எங்கள் நர்சிங் பள்ளியில் தப்பாகப் பதில் சொன்னால் விரல் முட்டியில் அடி விழும். பாடம் எடுத்த டியூட்டர் மர ஸ்கேலின் விளிம்பால்தான் அடிப்பார். சோடியம் செல்லுக்கு வெளியே, பொட்டாசியம் செல்லுக்கு உள்ளே என்பதை மாற்றிச் சொல்லி நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது முறை தப்பாகச் சொல்லவில்லை. பொட்டாசியம் ரத்தத்தில் அளவு மீறினால் இருதயம் நின்றுவிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். உள்ளே இருப்பது எப்போது வெளியே வரும், யாருக்கு வரும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரை டவுனுக்குள் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியோடு ஒட்டிய பள்ளி. சமயநல்லூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். பத்தொன்பது வயது, இரண்டாம் வருஷம். அடி எங்கள் வீட்டுக்கும் புதிதல்ல. அப்பா அம்மாவை அடிப்பார், அம்மா எங்களை அடிப்பாள். யாராவது யாரையாவது அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையில் இருக்கும் வேலையைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

பங்குனி மாதம் என்னைக் குழந்தைகள் வார்டில் போட்டிருந்தார்கள். அவனியாபுரத்திலிருந்து ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு வந்தார்கள். இடது முழங்கால் பந்து மாதிரி வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. திண்ணென்று வீங்கிய அந்தக் காலைத் தொட்டாலே அலறினான். அதற்கு முந்தைய வருஷம் பால் பல் விழுந்தபோது நான்கு நாள் ரத்தம் நிற்கவில்லையாம். தகப்பன் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தான். நல்ல உயரம், கிரீஸ் ஏறிப்போன உள்ளங்கைகள். தாய்க்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஒல்லியானவள். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை, பெண். மாமியார்க்காரி கூடவே இருந்தாள். அறுபது வயதிலும் வார்டு முழுக்கக் கேட்கும் குரல்.

இரண்டாம் நாள் பையனின் தாய் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பையன் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்துவிட்டான். அவள் திரும்பி வரவும் புருஷன் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. பையன் நெற்றியில் இருந்த வீக்கத்தைப் பார்த்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. அறைந்தான். அவள் கையிலிருந்த செம்பு மூன்று கட்டில் தாண்டி உருண்டது.

"தண்ணி பிடிக்கப் போனேன் மாமா. அம்மாச்சிதான் பாத்துக்கிறேன்னு சொல்லுச்சு" என்றாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"நான் எப்பச் சொன்னேன்?" என்றாள் மாமியார்.

வார்டு சிஸ்டர் ரிஜிஸ்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அடிக்கிறதா இருந்தா வெளிய கூட்டிட்டுப் போயி அடிங்க. பிள்ளைக பயந்துக்குது" என்றார். நான் உருண்ட செம்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அதற்கு மேல் நானும் எதுவும் செய்யவில்லை.

பையனுக்கு ஹீமோபிலியா என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் அவன் உடம்பில் போதுமான அளவு இல்லை. பிளாஸ்மா ஏற்றினார்கள். அதே வாரம் வகுப்பில் பாரம்பரிய நோய்கள் பாடம் நடந்தது. கரும்பலகையில் டியூட்டர் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டு விளக்கினார். நோய்க்கூறு தாயிடம் ஒளிந்திருக்கும், தாயை அநேகமாக ஒன்றும் செய்யாது, அவள் பெறும் ஆண் பிள்ளையைப் பிடிக்கும். பாடத்தில் படித்ததை அன்று சாயங்காலமே கட்டிலில் பார்க்கிற பெருமை எனக்கு.

அந்தப் பெருமையோடு நடையில் வந்துகொண்டிருந்தபோது பையனின் அப்பா என்னை நிறுத்தினான்.

"சிஸ்டர், பெரிய டாக்டர் இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போறாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இது எங்கேருந்து வந்துச்சு எம்பிள்ளைக்கு?"

என்னிடம் ஒருவர் மரியாதையாக நின்று சந்தேகம் கேட்பது அதுதான் முதல் தடவை.

"இது தாய்வழி நோய். அம்மாகிட்டருந்துதான் பையனுக்கு வரும். அப்பாகிட்டருந்து பையனுக்கு வராது."

"எங்கிட்டருந்து வரலையா?"

"வராது."

"உறுதியாச் சொல்றீகளா?"

"புத்தகத்துலயே இருக்குண்ணே."

அவன் தலையை ஆட்டினான். பக்கத்தில் நின்ற மாமியார், "அப்ப இவ வயித்துலதான் இருக்கு எல்லாம்" என்றாள். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. படித்தபடி பார்த்தால் அது சரியாகத்தானே இருந்தது. மறுநாள் அவன் எனக்கு ஒரு பொட்டலம் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தான். வைத்துக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் பையனை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தபோது நான் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கு மாறியிருந்தேன். ஒருநாள் காலை அந்தப் பையனின் அம்மாவை ஆட்டோவில் பக்கத்து வீட்டுக்காரி கொண்டு வந்து இறக்கினாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உதடு வறண்டு, கண் உள்ளே போயிருந்ததே தவிர முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்துக்குக் கீழே முதுகு, பிட்டம், இரண்டு தொடைகள் எல்லாம் நீலமும் கறுப்புமாகக் கன்றி, வீங்கிப் போயிருந்தன. தொடையை அமுக்கினால் மரக்கட்டையை அமுக்குவது போல இருந்தது.

"கெணத்தடில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் டாக்டரிடம்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னாள். முந்தின நாள் பையனுக்கு மறுபடி மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. புருஷன் இவளைப் பட்டறைக்குள் இழுத்துப் போய்த் தூணில் கட்டி, லேத் மிஷினில் ஓடும் ரப்பர் பெல்ட்டை மடக்கி அடித்திருக்கிறான். கை ஓய்ந்ததும் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அடித்திருக்கிறான். பிறகு தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையிலேயே பூட்டிவிட்டுப் போய்விட்டான். பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஒன் வயித்து விஷம், ஒன் வயித்து விஷம்னு சொல்லிச் சொல்லி அடிச்சான் சிஸ்டர். அந்தக் கெழவி வாசல்ல ஒக்காந்துக்கிட்டு எங்கள உள்ள விடல."

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு எலும்பும் முறியவில்லை. "எலும்பு உடையல. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் டியூட்டி டாக்டர். வலிக்கு ஊசி போட்டோம். நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போகாமல் இருக்கப் பார்த்தேன். ஆனால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொடுக்கப் போனபோது என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்க சொன்னது சரிதானாம் சிஸ்டர். எங்கிட்டருந்துதான் வந்துச்சாம். டாக்டரும் அப்படித்தான் சொன்னாராம்."

குத்திக்காட்டுகிற குரல் அல்ல அது. ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிற குரல். டம்ளரைக் கட்டிலோரம் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி இளநீர் வாங்கி வந்தாள். நான்தான் டம்ளரில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தேன். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்று பரீட்சையில் எழுதியவள் நான்.

மறுநாள் காலை பெட்பேன் எடுக்கப் போனேன். அவள் வந்ததிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் போனாள். ஒரு சின்னக் கிண்ணம் அளவு. நிறம் கெட்டியான காப்பி டிக்காஷன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுவார்டில் நின்றேன். ரத்தம் போல இருக்கிறது, ஆனால் ரத்தச் சிவப்பு இல்லை. இது எங்கிருந்து வருகிறது என்று அந்தத் தொடைகளைப் பார்த்தேன். சதை நசுங்கியிருக்கிறது. சதை என்றால் செல்கள். கோடிக்கணக்கான செல்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருந்தது எல்லாம் எங்கே போகும்? முட்டியில் அடி வாங்கிப் படித்தது அந்த நிமிடம்தான் எனக்கு அர்த்தமாயிற்று.

அதை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். டியூட்டி டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. அவர் சுருக்கமாகச் சொன்னதை இன்று வரை நான் மாணவிகளுக்கு அதே வரிசையில்தான் சொல்கிறேன். நசுங்கிய சதையிலிருந்து நிறப்பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. உடம்பில் தண்ணீரும் இல்லாததால் அடைப்பு இறுகுகிறது. சிறுநீர் நின்றுபோகிறது. சதைக்குள்ளிருந்து வெளியே வந்த பொட்டாசியத்துக்கு வெளியேற வழி இல்லை, அது இருதயத்தைத் தாக்குகிறது. நெஞ்சில் ஒரு அடிகூட விழாமல் மனுஷிக்கு இருதயம் நின்றுபோகும்.

ஈசிஜி எடுத்தபோது அலைகள் கூடாரம் போலக் கூராக எழும்பி நின்றன. கால்சியம் மருந்தை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். இருதயத்தை அது கொஞ்ச நேரம் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. அடுத்து குளுக்கோஸும் இன்சுலினும், பொட்டாசியத்தை மறுபடி செல்லுக்குள் தள்ளுவதற்கு. அன்று மத்தியானம் பெரிய டாக்டர் வந்து, வயிறு வழியாக டயாலிசிஸ் செய்யச் சொன்னார். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போகவைக்கும் ஊசி போட்டு, கூரான கம்பியை வயிற்றுக்குள் இறக்க வேண்டும். டாக்டர் தன் பாரத்தை எல்லாம் கொடுத்து அழுத்தினார். நான் அவள் தோள்களைக் கட்டிலோடு அமுக்கிப் பிடித்திருந்தேன். அவள், "மாமா, வேணாம் மாமா" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். கம்பி உள்ளே போனபோது அவள் உடம்பு வில்லாக வளைந்தது. நான் பிடியை விடவில்லை.

அன்றிலிருந்து கழிவை இழுத்து வர, பாட்டில் பாட்டிலாக மருந்து நீர் வயிற்றுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று எழுதுவது என் வேலை. அவள் பாதி மயக்கத்தில் கிடந்தாள். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நினைவு தெளிந்த நேரமாகப் பார்த்துக் கேட்டார். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகவே சொன்னாள். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து அவளுடைய அம்மா வந்து கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் என்னிடம், "இவ குடும்பத்துல யாருக்காவது கிட்னி வியாதி உண்டான்னு கேட்டு எழுதிட்டு வாம்மா" என்றார். கட்டமும் வட்டமும் போட ஒரு தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன்.

"உங்க மருமகன் சொந்தமா, அசலா?"

அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "என் கூடப் பெறந்த தம்பிதான் சிஸ்டர். தூக்கி வளத்த பய. அவன் கையாலதான் எம்மக இப்படிக் கெடக்கா."

குழந்தைகள் வார்டில் இந்தப் பெண் மாமியாரை அம்மாச்சி என்று கூப்பிட்டது காதில் விழுந்திருக்கிறது. அம்மாவைப் பெற்றவளைத்தானே அப்படிக் கூப்பிடுவார்கள். நான் யோசிக்கவே இல்லை.

"உங்களுக்கு வேற அண்ணன் தம்பி?"

"எனக்கு அடுத்து ஒருத்தன் பெறந்தான். காது குத்துனப்ப ரத்தம் நிக்கல. அஞ்சாறு நாள்ல போயிட்டான். கொலசாமிக்கு நேந்தத செய்யலன்னாக."

தாளில் எல்லாம் தானாக வந்து விழுந்தது. மேலே ஒரு வட்டம், அந்த மாமியார். அவளிடமிருந்து செத்துப்போன மகனுக்கு. அவளிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து இந்தப் பேத்திக்கு, பேத்தியிடமிருந்து முழங்கால் வீங்கிய பையனுக்கு. புருஷனுக்கும் வந்திருக்கலாம். அவன் தப்பித்தவன், அவ்வளவுதான். வாசலில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடாதவளின் ரத்தம்தான் இது.

கிட்னி வியாதி யாருக்கும் இல்லை என்று அந்த அம்மா சொன்னதையும் எழுதி டாக்டரிடம் காட்டிய பிறகு அந்தத் தாளை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். புருஷனும் அவன் அம்மாவும் அன்று வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். "அவ பொழைக்க மாட்டான்னா சொல்லிருங்க சிஸ்டர், ஆக வேண்டியதப் பாக்கணும்ல" என்றாள் அந்தக் கிழவி என்னைப் பார்த்ததும்.

அவனிடம் பேசினேன்.

"அண்ணே, உங்களுக்கு மேல ஒரு அண்ணன் இருந்தாரா?"

"இருந்தாரு. நான் பெறக்குமுன்னாடியே போயிட்டாரு. சாமி குத்தம்."

"சாமி குத்தம் இல்ல. உங்க பையனுக்கு இருக்கிற அதே வியாதி. இந்தா பாருங்க, இந்த வட்டம் உங்க அம்மா. இவுககிட்டருந்து உங்க அக்காவுக்கு, உங்க அக்காகிட்டருந்து உங்க சம்சாரத்துக்கு. எல்லாம் உங்க அம்மாகிட்டருந்து வந்ததுதான்."

அவன் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போய் மேலே இருந்த வட்டத்தில் நிறுத்தினான். பிறகு அவன் அம்மாவைப் பார்த்தான்.

"இவ என்னமோ சொல்றாடா, படிச்ச திமிரு" என்று அவள் எழுந்தாள்.

அவன் எழுந்து அவள் வாயிலேயே குத்தினான். அவள் பின்னால் சாய்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தாள். அவன் குனிந்து, முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று கொடுத்தான். வார்டு பையன்களும் வாட்ச்மேனும் ஓடிவந்து பிடிப்பதற்குள் அவள் வெள்ளைச் சேலையின் முன்பக்கம் சிவந்துவிட்டது.

அவன் அடிப்பான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று பல வருஷம் என்னையே கேட்டிருக்கிறேன். தெரியும். முதல் தடவை நடையில் சொன்னபோது தெரியாது. இரண்டாவது தடவை தெரிந்துதான் சொன்னேன். முதல் குத்து விழுந்தபோது எனக்குள் ஒரு இனிப்பு பரவியது. இரண்டாவது குத்தில் அது போய்விட்டது.

கிழவியின் கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. தையல் போட நான்தான் டாக்டருக்குக் கூட நின்றேன். அது முடிந்ததும் வார்டு சிஸ்டர் என்னைத் துணி அடுக்கும் அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தி, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றார். கன்னத்தில் விரல் பதிந்திருந்ததை மறுநாள் வரை ஹாஸ்டலில் எல்லோரும் பார்த்தார்கள். நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்கக் கிழவி தனியாக வந்தாள். மகன் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து நான் பிரிக்க ஆரம்பித்தேன். வாய் வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினாள். அந்தக் குரல் அவ்வளவு மெதுவாகவும் பேசும் என்று எனக்குத் தெரியாது.

"காது குத்துனப்ப எம்மடிலதான் வச்சிருந்தேன் அவன. துணி மாத்தி மாத்திக் கட்டினேன். எம்புட்டுத் துணி. கடைசில அழக்கூட முடியல அவனுக்கு." என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அது எங்கிட்டருந்து போனதுதானா?"

"உங்ககிட்டருந்து போனதுதான். ஆனா நீங்க பண்ணினது இல்ல. ஒருத்தரும் வேணும்னு கொடுக்கிறதில்ல இத."

"இத அன்னைக்கே அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

கடைசி நூலை இழுத்தேன். உதட்டில் ஒரு துளி ரத்தம் வந்தது. பஞ்சால் ஒற்றி, கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தேன். நின்றது. அவள் எழுந்து போனாள், உள்ளே கிடந்த பேத்தியைப் பார்க்காமலே.

படுத்து இரண்டு வாரம் ஆகும் முன்பே பேத்திக்குச் சிறுநீர் திறந்துகொண்டது. முதலில் கொஞ்சம், பிறகு குடம் குடமாக. இப்போது ஆபத்து எதிர்த் திசையில் வந்தது. உப்பெல்லாம் சிறுநீரோடு போய், பொட்டாசியம் குறைந்து, கைகால் துவண்டு கிடந்தாள். இப்போது டாக்டரே இளநீரும் சாத்துக்குடியும் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ரத்தப் பரிசோதனைத் தாள் வரும்வரை நான் லேப் வாசலில் நிற்பேன். முதுகில் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. மூன்றாம் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"சிஸ்டர், வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கே. அதுக்கும் இருக்குமா?"

எனக்குப் புத்தகத்திலிருந்த பதில் தெரியும். பாதிக்குப் பாதி. "அதப் பெரிய டாக்டர்கிட்ட நீயும் உங்கம்மாவும் சேந்து கேளுங்க. நானும் கூட நிக்கிறேன்" என்றேன். கேட்டார்கள், நின்றேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவளுடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று புருஷன் ஆஸ்பத்திரி கேட்டருகே வந்து நின்றான். குடித்திருக்கவில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தான், பையன் கையைப் பிடித்திருந்தான். "வா போவோம்" என்றான். அவளுடைய அம்மா முன்னால் போய், முதலில் பிள்ளைகள் இரண்டையும் வாங்கி மகளிடம் கொடுத்தாள். பிறகு காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். அத்தனை ஜனங்கள் போகும் தெருவில், தூக்கி வளர்த்த தம்பியை முகத்திலும் தோளிலும் அடித்தாள். அவன் கையை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு மகளையும் பிள்ளைகளையும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அவள் திரும்பி அவனியாபுரம் போகவில்லை. அம்மா வீட்டிலேயே இருந்து காய்கறிக் கடை போட்டிருப்பதாகப் பையனை பிளாஸ்மாவுக்குக் கூட்டி வரும்போது சொன்னாள். படிப்பு முடிந்து நான் அதே ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் இரண்டு முறை பார்த்தேன். கடைசியாகப் பார்த்தபோது பையனுக்கு ஒன்பது வயது. இடது முழங்கால் மடங்காமல் விறைத்துப் போயிருந்தது. வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து ஊசி வேண்டாம் என்று அடம்பிடித்து, அவள் மடியில் இருந்த டிபன் டப்பாவைத் தட்டிவிட்டான். எலுமிச்சைச் சாதம் தரை முழுக்கச் சிதறியது. அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதே கையால் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, குனிந்து சோற்றை அள்ள ஆரம்பித்தாள்.